உட்கார இடம் கேட்ட வாத்தியம்

கச்சேரி மேடையில் எல்லோரும் தரையில் உட்காருவார்கள். செல்லோ வாசிக்கிறவனால் தரையில் உட்கார முடியாது. சில வருடங்கள் நான் பட்ட அலைச்சலை இந்த இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

செல்லோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வைக்குப் பிடில் மாதிரியேதான் இருக்கும். நாலு தந்தி, ஒரு வில். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எழுந்து நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். அடியில் ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தரையில் ஊன்றி, நாம் நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே அணைத்துப் பிடித்து வாசிக்க வேண்டும். பிடிலின் சத்தம் பெண்குரல் என்றால் இது நல்ல கனத்த ஆண்குரல்.

அது என் கைக்கு வந்தது சேலத்தில். அங்கே ஒரு சினிமா ஸ்டுடியோவின் வாத்திய கோஷ்டியில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்ட எனக்குப் பிடில் மட்டும்தான் கையில் இருந்தது. கோஷ்டியில் செல்லோ வாசித்த கோவாக்காரர் ஒருநாள் சொல்லாமல் பம்பாய்க்குப் போய்விட்டார். "யாருய்யா இத எடுத்துக்கறீங்க?" என்று மியூசிக் டைரக்டர் கேட்டார். பிடில்காரர்களுக்கு முன்வரிசையில், மைக்குக்கு நேர் எதிரே இடம். செல்லோவுக்குக் கடைசியில், ஒரு தூணுக்குப் பின்னால். நான் கையைத் தூக்கினேன். அன்று எனக்கு ஆசை செல்லோ மேல் இல்லை, அந்தத் தூண் மேல்தான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும்.

வாத்தியத்தின் மேல் ஆசை பிறகுதான் வந்தது. சினிமாப் பாட்டில் செல்லோவுக்கு வேலை மிகவும் கொஞ்சம். அடியில் நீளமாக ஒரு ஸ்வரம், மறுபடி நீளமாக இன்னொரு ஸ்வரம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, காலி ஹாலில் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி ச-ப-ச-ப என்று நம் முறைக்குச் சேர்த்துக்கொண்டு காம்போதியை வாசித்துப் பார்த்தேன். தந்தி நீளமானதால் ஒரு கமகத்துக்கு விரல் வெகுதூரம் போய் வர வேண்டியிருக்கும். பிடிலில் விரலை அசைத்தால் போதும் என்கிற இடத்தில் இதில் கையே புறப்பட்டுப் போகும். போகிற வழியெல்லாம் ராகம் கேட்கும். அன்றிலிருந்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு முழுக் கச்சேரிக்கு, ஒரு நல்ல பாடகருக்குப் பக்கவாத்தியமாக இதை வாசித்துவிட வேண்டும் என்று ஒரு நமைச்சல் பிடித்துக்கொண்டது.

படம் எடுப்பதெல்லாம் மெட்ராஸுக்குப் போன பிறகு ஸ்டுடியோவில் வேலை வற்றியது. கோஷ்டியைக் கலைத்தார்கள். மானேஜர் செல்லோவைப் பார்த்து, "எடுத்துக்கிட்டுப் போய்யா, இங்க இருந்தா கரையான்தான் வாசிக்கும்" என்றார். பஸ்ஸின் மேல் கட்டாமல், பின் சீட்டில் நானும் அதுவுமாக உட்கார்ந்து, சொந்த ஊரான தருமபுரிக்கு வந்து சேர்ந்தோம். தருமபுரி அப்போதுதான் தனி மாவட்டமாகியிருந்தது. ஊரில் எதற்கெடுத்தாலும் கலெக்டர் பேச்சு.

பிழைப்புக்குப் பிடில் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் பாலக்கோடு, ஒருநாள் பென்னாகரம், ஒருநாள் மாரண்டஹள்ளி என்று பஸ் ஏறி வீடு வீடாகப் போவேன். கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் பெண்பிள்ளைகள். "ரெண்டு பாட்டு போதுங்க வாத்தியாரே, பொண்ணு பாக்க வர்றப்ப வாசிக்கணும். மூணாவது பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள கல்யாணமே ஆயிடும்" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். அப்படியேதான் ஆகும். எந்தப் பிள்ளையும் மூன்றாவது பாட்டைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. கும்பாபிஷேகம், காது குத்து, சின்னக் கோவில் கச்சேரி என்று எப்போதாவது யாருக்காவது பிடில் பக்கவாத்தியம் வாசிப்பதும் உண்டு. செல்லோ வீட்டு மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

வீடு சின்னது. மழைக்காலத்தில் ஒழுகும்போது நான் முதலில் செல்லோவைத்தான் நகர்த்துவேன்.

"இந்தாங்க, அரிசி மூட்டை நனையுது, அத வுட்டுட்டு இத தூக்கறீங்களே" என்பாள் என் மனைவி.

"அரிசி காஞ்சிடும்."

"காஞ்சிடும், காஞ்சிடும். எந்த மேடைக்கு இது போகப் போகுதுன்னு சொல்லுங்க, நானே தூக்கி வெக்கிறேன்."

பெங்களூரில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்குச் செல்லோ விலைக்கு வேண்டுமென்று என் பழைய ஸ்டுடியோ நண்பர் மூலமாகக் கேட்டு வந்தது. அங்கே நாற்காலி போட்டு வாசிப்பார்கள், அதற்கு மரியாதை உண்டு, இங்கே மூலையில் நிற்பதற்கு அங்கே போகட்டும் என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பு இல்லை. பங்குனித் திருவிழா வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ஒரு பாடகரோடு நிலையாக இடம் அமையாவிட்டால் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர்களே வந்து எடுத்துப் போகட்டும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதிலிருந்து ஓர் இடத்தில் நிலைத்து உட்கார முடியவில்லை. பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்துப் பாடகர் ஒருவர் ஒகேனக்கல் போய்விட்டுத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு நான் முன்பே பிடில் வாசித்திருக்கிறேன். வயதானவர், கனத்த குரல், சுருதி ஒரு கட்டை, பேச்சு அளவு. மூலையில் நின்ற போர்வையைப் பார்த்து, "என்னங்க அது?" என்றார். நான் தயங்கினேன். மனைவி போய் போர்வையை உருவிவிட்டாள்.

"வாசிங்க பாப்போம்" என்றார் அவர்.

காம்போதி வாசித்தேன். அவருடைய ஒரு கட்டைக்குச் செல்லோவின் தந்திகள் அளந்து வைத்த மாதிரி நின்றன. கேட்டுக்கொண்டே இருந்து சேலம் பஸ்ஸைத் தவறவிட்டார்.

"என் தொண்டைக்கு அடியில இன்னொரு தொண்டை பாடற மாதிரி இருக்குது" என்றார். "பங்குனிக்கு மாரண்டஹள்ளியில எனக்குக் கச்சேரி இருக்குது. பிடிலுக்குப் பதிலா இதக் கொண்டாங்க. சரிப்பட்டு வந்தா வருஷம் பூரா எங்கூட வாங்க. மைசூர்ப் பக்கம் போறேன், கோயமுத்தூர் போறேன்."

மறுநாளே மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன்.

மாரண்டஹள்ளித் திருவிழாவை முன்னின்று நடத்தியவர் ஒரு காய்கறி மண்டிக்காரர். அவருடைய மகளுக்கு நான்தான் பிடில் வாத்தியார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழில் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார், பதற்றம் வந்தால் மட்டும் "பேடா, பேடா" என்பார். வேண்டாம் என்று அர்த்தம். செல்லோவைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் "பேடா" வந்துவிட்டது.

"வாத்தியாரே, நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க. அம்மன் கீழ பல்லக்குல குந்தியிருக்குது. பாடறவரு, அவ்ளோ பெரிய மனுசன், ஜமுக்காளத்துல குந்தியிருக்கிறாரு. பக்கவாத்தியம் நீங்க மட்டும் கலெக்டர் கணக்கா நாற்காலியில கால தொங்கப் போட்டுக்கிட்டு குந்தினா, ஊரு என்னைய சும்மா வுடுமா?"

"பாடறவருக்கும் நாற்காலி போட்டுட்டா?" என்றேன் மெதுவாக.

"பேடா, பேடா! அவருக்கு நாற்காலி, மிருதங்கத்துக்கு நாற்காலி, தம்புராவுக்கு நாற்காலி. அப்பறம் அது கச்சேரி இல்லீங்க, பஞ்சாயத்து மீட்டிங்கு."

அவர் சொன்னது நியாயம். மேடையில் பாடுகிறவரைவிட உயர்ந்து உட்கார எனக்கும் மனம் வராது. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் நாற்காலி இருந்ததால் இந்த யோசனையே எனக்கு வந்ததில்லை.

வீட்டில் தரையில் உட்கார்ந்து வாசிக்கப் பழகினேன். செல்லோவை வீணை மாதிரி மடியில் படுக்க வைத்தேன். வில் என் முழங்காலை அறுத்தது. காலை விரித்து நட்டுக்குத்தலாக நிறுத்தினேன். விரல் வைக்க வேண்டிய இடம் தலைக்கு மேலே போய்விட்டது, கையைத் தூக்கிக்கொண்டே வாசித்ததில் தோள் இற்றுப்போனது. சாய்த்துத் தோளில் போட்டேன்.

மனைவி அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தூங்கற புள்ளைக்குப் பேன் பாக்கற மாதிரியே இருக்குதுங்க."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கடை. அதை நடத்தியவர் ஒரு பாய். கதவு, கட்டில், கல்யாணப் பந்தல் மேடை எல்லாம் அவர் கைவேலை. கடைக்குள்ளேயே மரம் அறுக்கிற குழி ஒன்று உண்டு. குழிக்குக் குறுக்கே மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் ரம்பம் இழுப்பார்கள். என் தோள்வலிக்கு அவருடைய வீட்டம்மா ஒரு தைலம் கொடுத்தனுப்பியதில் சங்கதி அவர் காதுக்குப் போயிருந்தது. ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"வாத்தியாரே, உங்க சாமானத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க."

போனேன். குழியின் ஓரத்தில் ஒரு பலகை போட்டு வைத்திருந்தார். உள்ளே ஒரு பெட்டி.

"பலகை மேல குந்துங்க. காலை உள்ள வுடுங்க. பொட்டி மேல வாத்தியத்த நிறுத்துங்க. ஆச்சா? இப்ப நீங்க தரையில குந்தியிருக்கறீங்களா, நாற்காலியில குந்தியிருக்கறீங்களா?"

இரண்டும்தான். வில்லை இழுத்தேன். குழிக்குள் இறங்கிய சத்தம் அங்கே கொஞ்சம் சுற்றிவிட்டு மேலே வந்தது. நிழலில் படுத்திருந்த ரம்பக்காரர் ஒருவர் எழுந்து, "பாய், குழிக்குள்ள யாரோ அழுவறாங்க" என்றார்.

"அழுவல, பாடறாங்க. நீ படு" என்றார் பாய்.

மாரண்டஹள்ளி மேடையிலும் இதையே செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. அங்கே கோவிலுக்கு எதிரே சிமெண்ட் திண்டு ஒன்று உண்டு, இடுப்புயரம் இருக்கும். கச்சேரிக்கு அது போதாதென்று ஒவ்வொரு வருடமும் அதன் ஒரு பக்கத்தில் மரச்சட்டம் நட்டுப் பலகை போட்டு நீட்டுவார்கள். நீட்டுகிற பக்கம் பாடுகிறவருக்கு இடது கைப் பக்கம். பக்கவாத்தியப் பிடில் வழக்கமாக உட்காருகிற இடமும் அதுதான். இரண்டு பலகை போடாமல் விட்டால் பள்ளம் தயார். மண்டிக்காரரைக் கூட்டிப் போய்க் காட்டினோம். அவர் திண்டில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், அம்மன் பல்லக்கு நிற்கிற இடத்திலிருந்து பார்த்தார். பாடுகிறவர் இடத்தில் பாயை உட்கார வைத்துப் பார்த்ததில், என் தலை அவர் தலைக்கு மேலே போகவில்லை.

"இது சரிங்க" என்றார். "ஆனா கச்சேரி நடுவுல தூங்கி உள்ள வுழுந்துடாதீங்க."

திருவிழா அன்று மத்தியானமே போய்விட்டேன். பாய் ஜமுக்காளத்தைப் பள்ளத்தின் ஓரம் வரை இழுத்து மடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே காலை விட்டு உட்காருவதும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு பாடகர் வந்து இறங்கினார். கூட ஒரு மெலிந்த ஆள், தோளில் மிருதங்கம், வாயில் வெற்றிலை. பாடகரின் வழக்கமான மிருதங்கக்காரருக்கு விரலில் நகச்சுற்று வந்துவிட்டதால் கிருஷ்ணகிரியிலிருந்து இவரைக் கூட்டி வந்ததாகச் சொன்னார்.

புதியவர் மேடை ஏறினார். நேராக என் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்று குனிந்து பார்த்தார்.

"என்னாங்க இது, வந்த ஆளுக்கு மொத நாளே குழி வெட்டி வெச்சிருக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். "அது என் செல்லோவுக்குங்க. நீங்க அந்தப் பக்கம்" என்றேன், சிமெண்ட் திண்டைக் காட்டி.

"அந்தப் பக்கம் எப்படிங்க? எனக்கு இடது கை" என்றார் அவர்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மிருதங்கத்துக்கு இரண்டு முகம். கணீரென்று பேசுவது வலந்தலை, அடங்கிப் பேசுவது தொப்பி. வலந்தலை ஜனங்களைப் பார்த்து இருக்க வேண்டும். வலது கைக்காரர் பாடுகிறவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் அது தானாக அமைந்துவிடும். இடது கைக்காரர் வலந்தலையை இடது கையால் வாசிப்பார். அவர் இடப்பக்கம் உட்கார்ந்தால்தான் சரியாக வரும். இடப்பக்கத்தில் நாங்கள் ஆசையாகச் செய்த பள்ளம் இருந்தது. கச்சேரிக்காக என்னென்னவோ அளந்து பார்த்தோம். தாளக்காரர் எந்தக் கைக்காரர் என்று கேட்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"ஒரு நாளைக்கு அந்தப் பக்கமே உட்காந்து வாசிக்க முடியாதுங்களா?" என்று மண்டிக்காரர் கேட்டார்.

"உட்காரலாம். வலந்தலை கோயில் மதில் சொவத்துக்குக் கேக்கும். ஜனங்களுக்குத் தொப்பிதான் கேக்கும்" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். இதைப் பலமுறை சொல்லிப் பழகியவர் என்று தெரிந்தது.

"அது ஆகாது" என்றார் பாடகர்.

பாய் சிமெண்ட் திண்டைக் கையால் தட்டிப் பார்த்தார். "இத ஒடைக்கணும்னா கடப்பாறதான்" என்றார். "பேடா, பேடா" என்றார் மண்டிக்காரர். பிறகு முகம் தெளிந்து, "எதுக்குங்க இத்தன கஷ்டம்? எங்க பாப்பா பிடில் வூட்டுல சும்மாதான் கெடக்குது. ஆளனுப்பி எடுத்தாறச் சொல்றேன். பலகையப் போட்டு மூடிட்டு, வாத்தியார் எப்பவும் போல பிடிலு வாசிக்கட்டும்" என்றார்.

பாடகர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது சுலபமாகத் தெரிந்தது. எல்லோரும் நான் தலையாட்டுவேன் என்றே நின்றார்கள். நான் தலையாட்டுகிற ஆள்தான். ஆனால் பிடில் வந்துவிட்டால் அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஆள் வந்துவிடும் என்று தெரியும்.

"பிடில் வேண்டாங்க. நான் மேடைக்குக் கீழ, மண் தரையில நாற்காலி போட்டுக்கறேன்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மண்டிக்காரர் நாற்காலி வரவழைத்து, திண்டை ஒட்டி, பாடுகிறவருக்கு வலப்பக்கத்துத் தரையில் போட்டு, என்னை உட்கார வைத்துச் சுற்றி வந்து பார்த்தார். என் தலை மட்டும் திண்டுக்கு மேலே தெரிந்தது.

"அம்மனுக்கும் மேல இல்ல, பாடறவருக்கும் மேல இல்ல. ஆளே இல்லாத மாதிரிதான் இருக்குது. சரிங்க" என்றார்.

பாய் இரண்டு பலகையைக் கொண்டுவந்து பள்ளத்தை மூடினார். ஆணி அடிக்கும்போது என் பக்கம் திரும்பவில்லை.

கச்சேரி தொடங்கியது. பக்கவாத்தியக்காரன் பாடுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பான். எங்கே நிறுத்துகிறார், எங்கே நம்மை விடுகிறார் என்பது கண்ணில் இருக்கும், தலையாட்டலில் இருக்கும். கீழே, சற்றுப் பின்னால் இருந்த எனக்கு அவர் முகம் தெரியவில்லை. அவருடைய வலது முழங்காலும் தாளம் போடுகிற கையும் மட்டும் தெரிந்தன. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வர்ணத்தை ஓட்டிவிட்டேன். அடுத்த கீர்த்தனையையும் ஓட்டினேன். பிறகு அவர் காம்போதியை ஆலாபனை செய்ய எடுத்தார். ஆலாபனையில் தாளம் கிடையாது. கை தொடைமேல் சும்மா கிடந்தது. எனக்கு இருந்த ஒரே அடையாளமும் போயிற்று.

அவர் பாடினார். நான் அடியிலேயே தொடர்ந்து போனேன். நிறுத்தினார். மூச்சு விடத்தான் நிறுத்தினாரா, என்னை விடுகிறாரா என்று தெரியவில்லை. காத்திருந்தேன். கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

எதிர்ப்பக்கத்தில், மூடிய பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்த மிருதங்கக்காரருக்கு என் தலை தெரிந்தது. அவர் மிருதங்கத்தின் மேல் குனிகிற மாதிரிக் குனிந்து, என்னைப் பார்த்து மோவாயை மேலே தூக்கினார். உங்களுக்குத்தான், போங்க என்று அர்த்தம்.

போனேன். நாலாவது தந்தியில், கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்தேன். பிடில் எட்டாத இடம் அது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "ஸ்பீக்கர்ல ரெக்கார்டு போடறாங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் அங்கே இல்லை என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதே சமயம், ஜன்மத்தில் முதல்தடவையாக, எழுந்து நின்று நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுமாகச் சேர்ந்து என்னை இருக்கவிடாமல் செய்தன. அந்தப் படபடப்பிலேயே காம்போதி எங்கெங்கோ போய்விட்டு வந்தது. முடிக்கும்போது மேலேயிருந்து, முகம் தெரியாத இடத்திலிருந்து, "சபாஷ்" என்று பாடகர் சொன்னார்.

அதற்குப் பிறகு முகம் தேவைப்படவில்லை. அவர் நிறுத்தினால் நான் மிருதங்கக்காரரைப் பார்ப்பேன், அவர் மோவாயால் சொல்வார்.

கச்சேரி முடிந்து மாலை மரியாதை எல்லாம் ஆன பிறகு பாடகர் திண்டின் ஓரத்துக்கு வந்து, குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் ஆயுசுல இப்படிக் காம்போதி கேட்டதில்லீங்க" என்றார். நான் அடுத்த வார்த்தைக்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையை விடாமலே சொன்னார். "ஆனா கூட்டிக்கிட்டுப் போக முடியாதே. ஊரு ஊரா எங்க போயி பள்ளம் வெட்டறது? இல்ல, உங்களத் தரையில உட்கார வெச்சுட்டு நான் எந்த மொகத்தோட மேல உட்காந்து பாடறது? பிடிலோட வாங்க. நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். ஒரு வாரத்துல சொல்லி அனுப்புங்க."

நல்ல மனிதர். நடக்கக்கூடியதைத்தான் சொன்னார். நான் சரிங்க என்று சொல்லிவிட்டுச் செல்லோவுக்குப் போர்வை கட்டினேன்.

மறுநாள் காலை மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்தில் மிருதங்கக்காரரும் நின்றிருந்தார். பாடகர் பாலக்கோட்டில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மிருதங்கக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாததால் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க எடத்துல நான் உட்காந்துட்டேன்னு கோவமா அண்ணே?" என்றார்.

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க."

"எனக்கும் இதே கததான். நான் போனா பிடில்காரரு எடம் மாறணும். பெரிய பிடில்காரங்க மாற மாட்டாங்க. அதனால யாருக்காச்சும் நகச்சுத்து வந்தாத்தான் என்னையக் கூப்பிடுவாங்க." சிரித்தார். பிறகு என் செல்லோவைத் தட்டினார். "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க பக்கத்துல உட்கார எடம் தேடறதாலதான் இத்தன தொல்லை. நடுவுல உட்காருங்க."

"நடுவுலன்னா?"

"நடுவுலன்னா நடுவுலதான். பாடறவரே வேண்டாம். உங்க வாத்தியம்தான் கச்சேரி. பக்கவாத்தியம் ஒசந்து உட்காரக் கூடாது, சரி. கச்சேரிக்காரரு ஒசந்து உட்காந்தா யாரு கேக்கப் போறாங்க? கோயில் வேண்டாம், அங்க சாமி இருக்குது. கல்யாண வூட்டுல நாற்காலி போட்டு நடுவுல நீங்க, கீழ எந்தப் பக்கம் வேணாலும் நான். எடத்துக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல."

பஸ் வந்தது. எனக்குச் சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. வெயில் இன்னும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாடகர் சொன்னதையும் மிருதங்கக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

"நடுவுலயா? நீங்களா? நம்ம கல்யாணத்துல தாலி கட்டறப்பவே தலைய நிமுத்தல. எங்க சித்தி மாப்பிள்ளைக்குக் கழுத்துச் சுளுக்கான்னு கேட்டுச்சு."

"அதத்தான் நானும் யோசிக்கறேன்."

"யோசிச்சுக்கிட்டே இருங்க. ஞாயித்துக்கெழம பெங்களூர்க்காரங்க வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

அந்த வாரம் எங்கேயும் பாடம் எடுக்கப் போகவில்லை. வீட்டுக்கும் மரக்கடைக்குமாக நடந்தேன். குழியின் ஓரத்தில் போய் உட்காருவேன், எழுந்து வருவேன். பிடிலோடு போனால் வருடம் முழுதும் வேலை, நல்ல பாடகர், பார்க்காத ஊர்கள். என்னை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். செல்லோவோடு இருந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது, எல்லோரும் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரியும். பிடிலை எடுத்துக் காம்போதி வாசித்துப் பார்த்தேன். கை புறப்பட்டுப் போகத் தயாராக இருந்தது, போவதற்குத் தூரம் இல்லை. சனிக்கிழமை தபாலாபீசுக்குப் போய், செல்லோ கொடுப்பதற்கில்லை என்று பெங்களூருக்குத் தந்தி அடித்தேன். சேலத்துப் பாடகரிடம் நேரில் போய், பிடிலோடு வரவில்லை, செல்லோவோடு நடுவே உட்காரப் போகிறேன் என்று சொன்னேன். அவர் "நடுவுல உட்காந்தா முதுகு நல்லா வலிக்கும், பாத்துக்குங்க" என்றார்.

முதல் கச்சேரி பாலக்கோட்டில், ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில். மிருதங்கக்காரர்தான் பேசி முடித்தார். மணமேடைக்கு எதிரே வேறொரு மேடை, அதன் நடுவே ஒரு நாற்காலி. நான் ஏறும்போதே காதெல்லாம் கொதித்தது. உட்கார்ந்து கம்பியை ஊன்றித் தந்திகளைச் சேர்த்தேன். சேர்ந்துவிட்ட பிறகும் சேர்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டு வந்த ஜனங்கள் எதிரே உட்கார்ந்து நிறையத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், மேடைக்கே கேட்கிற குரலில், "பாடறவரு இன்னும் வரலியா?" என்றாள்.

"தெரியல. இவரு வெறும் வாத்தியத்தத்தான் திருகிக்கிட்டே இருக்கறாரு."

மிருதங்கக்காரர் கீழேயிருந்து அவர்களைப் பார்த்து, "வந்துட்டாருங்கம்மா. இவருதான்" என்றார்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கூட்டம் முழுவதும் பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முகங்கள். யாரும் எனக்கு மோவாயைத் தூக்கிக் காட்டவில்லை, காட்டவும் வேண்டியதில்லை. நான் ஆரம்பித்தால்தான் ஆரம்பம். வில்லை எடுத்துத் தந்திமேல் வைத்தேன். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே முதல் ஸ்வரத்தை நீளமாக இழுத்தேன்.